அந்த ரோஜர் யார் சொன்னது

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் உனக்கு ஒரு யோசனை சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "சரிம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அந்தச் "சரிம்மா"வுக்குள் என்ன இருக்கிறது என்று நான் இங்கே அறந்தாங்கியில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். எழுதினால் நடுவில் வெட்ட முடியாது, பார். முழுக்கப் படி. மருமகளையும் படிக்கச் சொல். இந்தத் தொழிலின் சங்கதி அவளுக்குத் தெரியாது என்பதால், உனக்குத் தெரிந்ததையே அங்கங்கே விளக்கிக்கொண்டு போவேன். "அம்மா கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சாச்சு" என்று கண்ணை உருட்டாதே.

முதலில் உன் விஷயத்தையே நீ சொன்னபடி எழுதிவிடுகிறேன். நான் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று நீயே பார்த்துக்கொள். மூன்று வாரத்துக்கு முன்பு, காலை நேரம். நீயும் உன் கேப்டனும் விமானத்தை இறக்கிவிட்டு, நிறுத்துமிடத்துக்கு உருட்டிக்கொண்டு போகிறீர்கள். வழியில் இன்னொரு ஓடுபாதையைக் கடக்க வேண்டும். டவரில் இருந்த பெண் உங்களை ஓடுபாதைக்கு முன்னால் நிற்கச் சொன்னாள். "நிற்கிறோம்" என்று நீ விமான எண்ணோடு சேர்த்துத் திருப்பிச் சொன்னாய். அதே நொடியில் வேறொரு விமானத்துக்காரரும் மைக்கை அழுத்திப் பேசிவிட்டார். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் கேட்பவர் காதில் கீச்சென்று ஒரு சத்தம்தான் விழும். அந்தக் கீச்சுக்குள்ளும் உன் குரல் அவளுக்குக் கேட்டிருக்கிறது. நிற்கிறார்கள் என்று நினைத்து அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அது அவள் பிழை. நீ குனிந்து செக்லிஸ்ட் பேப்பரைப் பார்த்த நேரத்தில், தினமும் அந்த இடத்தை நிற்காமலே கடந்து பழகிய உன் கேப்டன் அன்றும் கடந்துவிட்டார். புறப்படுவதற்காக எதிரே ஓடிவந்த விமானம் பிரேக் போட்டு, டயர் புகைந்து, உங்களுக்கு இருநூறு அடி தள்ளி நின்றது. யார் செய்த புண்ணியமோ, ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

டவரில் பதிவான டேப்பில் அவள் பேசியது இருக்கிறது. பதிலுக்கு அந்தக் கீச்சுச் சத்தம் மட்டும் இருக்கிறது. உங்கள் காக்பிட்டில் பதிவானது, அதே விமானம் அன்று முழுக்கப் பறந்ததில், அதன்மேலேயே புதுப் பேச்சுப் பதிவாகி அழிந்துபோய்விட்டது. "அவுங்க திருப்பிச் சொன்னாங்க, எனக்குக் கேட்டுச்சு" என்று அந்தப் பெண் ஒருத்திதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருபத்தாறு வயசு, வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது என்று நீதான் சொன்னாய். உன் கேப்டன் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நில்லுன்னு சொன்னது நம்ம காதுல விழவே இல்ல, நாம பதிலும் சொல்லல. ரெண்டு பேரும் இதையே சொல்லிருவோம்" என்றிருக்கிறார். வியாழக்கிழமை விசாரணை.

"நான் என்னம்மா செய்யட்டும்?" என்று கேட்டாய். குரல் எப்படி இருந்தது தெரியுமா? பரீட்சைக்கு முதல் நாள் பேசுகிற மாதிரி இருந்தது. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அவரு சொல்றபடியே சொல்லிரு தம்பி. ஒனக்குப் புள்ள பொறக்கப்போற நேரம். அந்தப் பொண்ணுக்கு என்ன, ரெண்டு மாசம் மறுபடியும் ட்ரெயினிங் குடுத்துச் சேத்துக்குவாங்க" என்றேன். நீ "சரிம்மா" என்றாய். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் உன் அப்பா நிற்கிறார். ஜெகதாப்பட்டினத்துக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்திருக்கிறார், கையில் இருந்த பையிலிருந்து ஐஸ் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

"ஏ புள்ள, அந்தப் பொண்ணு பொய்யா சொல்லுது?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அங்கிட்டுப் போயி மீன ஆய்ஞ்சு வைங்க" என்றேன்.

அவர் போகவில்லை. உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பவர். அன்றைக்குப் பேசினார். "இருவத்தோரு வருசம் மஸ்கட்ல கிரேன் ஓட்டுனேன். கீழ நிக்கிறவன் கை காட்டாம ஒரு எடத்துலயும் நான் சாமான எறக்குனது இல்ல. கை காட்டிட்டு, அப்புறமா வந்து 'நான் காட்டவே இல்ல, இவனுக்குத்தான் கண்ணு சரியில்ல'ன்னு அவன் சொன்னான்னு வையி. மறுநாளு நான் எந்தக் கைய நம்பி எறக்குறது? என் கண்ணயே நான் நம்ப முடியுமா?" என்றார். பிறகு மீனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அவர் சொன்ன, கீழே நின்று பொய் சொல்கிற அந்த ஆள் நான்தான்.

நான் எப்பேர்ப்பட்ட கறார்க்காரி என்று ஊரெல்லாம் சொல்லும். இந்தத் தெருவில் என் பெயர் "ஏர்போர்ட்டு அக்கா". விமான நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் செய்கிறவள் என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகாயத்தில் போகிற விமானங்களுக்கு நான் வழி சொன்னவள், அவை ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொண்டவள் என்று விளக்கிச் சொன்னால், "அப்ப நம்ம மச்சான் வர்ற துபாய் ப்ளைட்டு இப்ப எங்கிட்டு வருதுன்னு பாத்துச் சொல்லுங்கக்கா" என்று போனை நீட்டுகிறார்கள். நானும் பார்த்துச் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்த வேலைக்கு மிச்சம் அந்த மரியாதைதான்.

அந்த வேலையின் உயிர் ஒரே ஒரு பழக்கத்தில் இருக்கிறது. இது மருமகளுக்காக. நாங்கள் ஒன்றைச் சொன்னால் பைலட் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் திருப்பிச் சொல்வதை நாங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தப்பாக இருந்தால் உடனே திருத்த வேண்டும், ஒன்றும் வரவில்லை என்றால் மறுபடி கேட்க வேண்டும். "ரோஜர்" என்றால் "நீங்கள் பேசியது கிடைத்தது" என்பது மட்டும்தான் பொருள். என்ன கிடைத்தது, எதைச் செய்யப்போகிறார் என்று அதில் ஒன்றும் கிடையாது. உயரத்தைச் சொன்னால் வெறும் ரோஜரை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்போம்.

இந்தப் பழக்கத்தை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன், நீ மறந்திருக்க மாட்டாய். உன் அப்பா மஸ்கட்டில், நான் ஏர்போர்ட் குவார்ட்டர்ஸில் உன்னை வைத்துக்கொண்டு ஷிஃப்ட் ஷிஃப்டாக அல்லாடிக்கொண்டிருந்த காலம். காலையில் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வேன்: சோறு டப்பாவில் இருக்கிறது, கேஸைத் தொடாதே, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு, யார் வந்தாலும் கதவைத் திறக்காதே. "என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு" என்பேன். நீ கிளிப்பிள்ளை மாதிரி சொல்வாய். "கரெக்ட்" என்று தலையைத் தட்டிவிட்டு ஓடுவேன். ஒரு நாள் நீ எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் "காய்ச்சல் அடிக்குதும்மா" என்றாய். நான் "கரெக்ட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தால் நீ பக்கத்து வீட்டுக் கட்டிலில் அனலாகக் கிடக்கிறாய். "காலையிலயே ஒங்ககிட்ட சொன்னேன்னு பையன் சொல்றானேங்க" என்று அந்தம்மா கேட்டபோது, "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே" என்று வாய் கூசாமல் சொன்னேன். அது பொய்யாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் நான் சொன்ன நாலு விஷயம் வருகிறதா என்றுதான் என் காது பார்த்துக்கொண்டிருந்தது. நீ சொன்ன ஐந்தாவது விஷயம் ரெண்டு நாள் கழித்து, உன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஞாபகத்தில் வந்தது. உன்னிடம் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஒன்பது வயசுப் பிள்ளை, "நான் சொன்னேனாம்மா, சொல்லலையாம்மா?" என்று என்னையே கேட்டாய். "கனவு கண்டிருப்படா" என்றேன்.

அதே வருஷம்தான் அது நடந்தது. நீ அந்தக் கதையை என் வாயாலேயே பத்துத் தடவை கேட்டிருக்கிறாய். காலை நெரிசல் நேரம், ரேடார் திரையில் பதினோரு விமானங்கள், எல்லாம் என் பொறுப்பு. ஒரு கேப்டன் இறங்கிவருகிறார், அவரை மூவாயிரம் அடி வரைக்கும் இறங்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் கீழிருந்து இன்னொரு விமானம் கிளம்பி நாலாயிரத்துக்கு ஏறுகிறது. அதனால் கேப்டனை ஐயாயிரத்தில் நிற்கச் சொன்னேன். "ரோஜர்" என்று பதில் வந்தது. அவர் நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தார். நான் திரையைப் பார்த்துக் கத்தி அவரைத் திருப்புவதற்குள் அவருடைய காக்பிட்டில் அபாய மணி அடித்து, அவரே மேலே இழுத்துவிட்டார். முந்நூறு பேருக்கு மறுபிறவி. அம்மா சொன்னாள், கேப்டன் கேட்டுவிட்டு மறந்தார். இதுதானே கதை?

நீ பிளஸ் டூ முடித்த லீவில் நாம் மூன்று பேரும் சித்தன்னவாசலுக்குப் போனோம். வெயில் தாங்காமல் பாறை நிழலில் உட்கார்ந்திருந்தபோது, பைலட் ஆகப்போகிறேன் என்று முதல் தடவையாகச் சொன்னாய். உன் அப்பா சிரித்தார். நான் உடனே அந்தக் கேப்டன் கதையை எடுத்துவிட்டேன். "அந்தாளு மாதிரி மட்டும் இருந்துறாத. காதுல வாங்குறத மண்டையில வாங்கணும்" என்றேன். நீ "விசாரணைல அவரு என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டாய். "ஐயாயிரம்னு சொன்னது தனக்கு வரவே இல்லன்னாரு. ரோஜர்னு தான் சொல்லவே இல்லன்னாரு" என்றேன். "அப்ப அவரு பொய் சொன்னாராம்மா?" என்று கேட்டாய். நான் "ஆமா" என்றேன்.

அவர் பொய் சொல்லவில்லை, தம்பி. பொய் சொன்னது நான்.

அவர் கும்பகோணத்துக்காரர். மாதத்தில் பத்து நாளாவது அவர் குரல் என் காதில் விழும். விசாரணைக்கு முன்னால் நேரில் பார்த்ததில்லை. நிதானமாக, ஒவ்வொரு எண்ணாகப் பிரித்துச் சொல்லுவார், முடிக்கும்போது விமான எண்ணை முழுசாகச் சொல்லுவார். எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் ஒரு எழுத்தை விழுங்கமாட்டார். ரேடியோவில் இங்கிலீஷ்தான். நான் தமிழ், புதுக்கோட்டைப் பக்கம் என்று தெரிந்தபிறகு, என் எல்லையைத் தாண்டி அடுத்த ஆளிடம் போகும்போது "வணக்கம்மா" என்பார். அந்த அறையில் இருந்த நாங்கள் எல்லோருமே அவரைப் பெரிய மனுஷர் என்றுதான் சொல்வோம். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து மொட்டையாக ஒரு ரோஜர் வந்து நான் கேட்டதே கிடையாது.

அன்றைக்கு வந்தது மொட்டை ரோஜர். அவசரக் குரல், எண் கிடையாது. அவருடையது இல்லை என்று என் காதுக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. வேறு யாரோ வேறு எதற்கோ சொன்னது. மறுபடி கேட்க ஐந்து நொடி போதும். அதற்குள் இன்னொரு விமானம் கூப்பிட்டது. பெரிய மனுஷர்தானே, கேட்டிருப்பார், நின்றுவிடுவார் என்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். நான் பேசிய அதே நேரத்தில் அவர் பக்கத்தில் வேறொருவர் பேசியதால் என் வார்த்தை அவருக்குப் போய்ச் சேரவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. டேப்பில் என் குரல் தெளிவாக இருந்தது, அதன் பின்னாலேயே அந்த ரோஜரும் இருந்தது. கேட்கிறவர்களுக்கு அது பதில் மாதிரிதான் இருக்கும்.

விசாரணையில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள், கேப்டனும் அதே அறையில் இருந்தார். டேப்பைப் போட்டார்கள். "இது யார் குரல்? இந்தக் குரலை அதிகம் கேட்டவர் நீங்கள்தான்" என்றார் ஒருவர். முதல் நாளே என் மேலதிகாரி சொல்லியிருந்தார், "தயங்காம சொல்லுங்கம்மா. நீங்க தயங்குனீங்கன்னா தப்பு உங்க பக்கம் வந்துரும்" என்று. எனக்கு உன் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. வேலை போனால் இந்தப் பிள்ளையோடு எங்கே போவேன் என்று நினைத்தேன். "அவர் குரல்தான் சார், எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன். தயங்கவே இல்லை. என்னைப் பாராட்டக்கூடச் செய்தார்கள், தெளிவாகப் பேசினேன் என்று. மறுபடி கேட்காததற்காக எனக்கு ஒரு மாதம் பயிற்சி. அவரைப் பறக்க வேண்டாமென்று நிறுத்தி, காது டெஸ்ட், தலை டெஸ்ட் என்று அலையவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தக் குரல் என் காதில் விழவே இல்லை. ஓய்வு வாங்கிக்கொண்டார் என்று யாரோ சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் என்ன வரும் என்ற பயம்தான், வேறென்ன?

அவர் தலையில் அதைக் கட்டிவிட்டு நான் நிம்மதியாக இருந்தேனா என்றால், இருந்தேன். அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. முதல் வருஷம் மனசு அடித்துக்கொண்டது. பிறகு உனக்குக் கதையாகச் சொல்லிச் சொல்லி, எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோது யோசிக்காமலே வாயில் வந்ததே, அது எங்கேயிருந்து வந்தது என்று நினைக்கிறாய்?

உன் அப்பாவிடம் அன்றைக்குச் சாயங்காலமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தாளு உசுரோட இருக்காரா?" என்று மட்டும் கேட்டார். என்னோடு வேலை பார்த்த ஒருத்தரைப் பிடித்து நம்பர் வாங்கினேன். நேற்றுக் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டேன். எழுபத்து நாலு வயசு, மகள் வீட்டில் இருக்கிறார். குரல் கொஞ்சம் கரகரத்திருக்கிறது, ஆனால் அதே நிதானம். நான் இன்னார் என்றதும் கண்டுபிடித்துவிட்டார். "அட, நம்ம புதுக்கோட்டை அம்மாவா! நல்லா இருக்கீங்களா? பிள்ளைங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டார். நீ பைலட் என்றதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான் வாயெடுப்பதற்குள் அவரே அந்த நாளுக்கு வந்துவிட்டார். "உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேம்மா. அன்னைக்கி ரூம்ல, நான் ரோஜர்னு சொல்லவே இல்லைன்னு சண்ட போட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சேன். என் குரல நல்லாத் தெரிஞ்ச அம்மா, அவுங்களே என் குரல்தான்னு சொல்றாங்க. அப்ப நான்தான் சொல்லிருக்கேன். சொன்னது எனக்கே ஞாபகம் இல்ல. அப்படிப்பட்ட மண்டைய வச்சுக்கிட்டு முந்நூறு பேர ஏத்திட்டுப் போகலாமா? டெஸ்ட்ல எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னாங்க, மறுபடி வாங்கன்னும் கூப்பிட்டாங்க. நான்தான் போகல" என்றார்.

அதுவரை அவரைக் கட்டாயப்படுத்தி ஓய்வில் அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், தம்பி. யாரும் அனுப்பவில்லை. கார் ஓட்டுவதைக்கூட விட்டுவிட்டாராம். பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னால், வழியில் எதையாவது மறந்துவிடுவேன் என்று மறுத்துவிடுவாராம். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி, அந்த மனுஷர் தன்னையே நம்பாமல் இருந்திருக்கிறார்.

சொன்னேன். சுற்றி வளைக்காமல், பூசி மெழுகாமல் சொன்னேன். அந்தக் குரல் உங்களுடையது இல்லை சார், அது அன்றைக்கே எனக்குத் தெரியும், என் வேலைக்குப் பயந்து பொய் சொன்னேன் என்றேன். "ஏம்மா, ஊருக்குச் சொல்ல வேணாம், ஆபீசுக்குச் சொல்ல வேணாம். எனக்கு மட்டும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு, "இருங்க, எம் பொண்ணக் கூப்பிடுறேன், அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டா" என்றார். அந்தப் பெண்ணிடம் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். பின்னால் அவர் ஏதோ கேட்கிற சத்தம் வந்தது. "ஆமாப்பா, நீங்க சொல்லலையாம்" என்று அவள் அவரிடம் சொல்வது கேட்டது. அத்தோடு போனை வைத்துவிட்டாள். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். இனிமேல் அழுது என்ன செய்ய? அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயசு. இன்னும் எத்தனையோ வருஷம் பறந்திருப்பார்.

நடந்ததை இரண்டு பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு அவருக்கு இன்று பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டேன். அதை அவர் யாரிடம் காட்டினாலும் சரி. பென்ஷனில் கை வைத்தாலும் வைக்கட்டும். "பாத்துக்கலாம்" என்று உன் அப்பா சொல்லிவிட்டார். இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடப்போகிறேன். நாளைக்கு உன் கையில் இருக்கும் என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறார்.

உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். ஆகலாம். உன் கேப்டன் உன்மேல் பாய்வார். கம்பெனியில் உன்னைக் கொஞ்ச நாள் பறக்காமல் உட்காரவைப்பார்கள். நீ குனிந்து பேப்பரைப் பார்த்ததையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும். மருமகள் பயப்படுவாள். ஏம்மா, நீ இங்கே வந்துவிடு. பிரசவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உன் மாமனாருக்கு மீன் வாங்க ஒரு சாக்குக் கிடைத்த மாதிரி ஆகும். அவன் வேலை எப்படியோ ஒரு வழிக்கு வரும். அதைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. என் பயமெல்லாம் வேறு, தம்பி. நான் யோசிக்காமல் பொய் சொன்ன மாதிரி நீயும் சொல்லிவிட்டு, பிறகு என்னைப் போலவே நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, பிள்ளைக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வாழ்ந்துவிடுவாயோ என்றுதான் பயமாக இருக்கிறது. அப்படி வாழ முடிகிறது. நான் வாழ்ந்திருக்கிறேனே.

அந்தப் பெண்ணுக்கு ட்ரெயினிங் கொடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள் என்று சொன்னேன் அல்லவா? சேர்த்துக்கொள்வார்கள்தான். மறுபடி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காருவாள். ஒருவர் பேசுவார், அவளுக்குக் கேட்கும். கேட்டது நிஜம்தானா என்று அவளுக்குச் சந்தேகம் வரும். இந்நேரம் வந்திருக்கும். மூன்று வாரமாக வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கீச்சுச் சத்தத்துக்குள் உன் குரல் இருந்ததா, தானாகக் கற்பனை செய்துகொண்டோமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள். பதில் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவர் சொல்லமாட்டார். நான் ஒரு மனுஷரை இருபத்திரண்டு வருஷம் காக்கவைத்துவிட்டேன். நீ அவளை வியாழக்கிழமைக்கு மேல் காக்கவைக்காதே.

உன் அம்மா